மணி அடித்தால் வரிசையில் நிற்காதீர்கள்

தீயணைப்பில் இருந்தவன் என்று தெரிந்தால் எல்லாரும் தீயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு உயரத்துக்கு எரிந்தது, எத்தனை வண்டி போனது, நீங்கள் உள்ளே குதித்தீர்களா என்றெல்லாம். நான் குதித்ததில்லை. என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் கதவுகளோடுதான் கழிந்தது. பூட்டிய கதவு, மூட்டை அடுக்கிய கதவு, பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிப்போன கதவு, திறந்தால் நேரே பள்ளத்தில் விழவைக்கிற கதவு. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு திறக்காது என்று கேட்டால் ஒரு பகல் முழுக்கச் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை.

போன மாதம் கேட்டார்கள். என் பழைய பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் கையில் போனோடு வீட்டுக்கு வந்தார்கள். இப்போது இடர் மதிப்பீட்டைப் போனிலேயே செய்கிறார்களாம். கடை, ஹோட்டல், பள்ளிக்கூடம், டியூஷன் மண்டபம், தொழிற்சாலை என்று குடியிருக்கும் வீட்டைத் தவிர எந்த இடத்துக்குப் போனாலும் கேள்விகளுக்குச் சரி, பிழை போட்டுக்கொண்டே போனால் கடைசியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிறம் வந்துவிடும். வந்தவர்களில் நிரோஷா என்ற பிள்ளை, "கட்டடம் பச்சைன்னு வந்துருச்சு சார். ஆனா எனக்கு மனசு கேக்கல" என்றாள். என்ன மனசு கேட்கவில்லை என்றேன். "கதவெல்லாம் சரியா இருக்கு. ஆளுங்க வெளிய வர மாட்டாங்க போல இருக்கு. அதை எந்த இடத்துல பதியிறதுன்னு தெரியல."

அந்தப் பிள்ளையிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதித் தாருங்கள் சார் என்று போகும்போது அவள்தான் கேட்டாள்.

என் கதை சுருக்கமானது. டயகம பக்கத்தில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்துவிட்டு சும்மா இருந்தபோது தீயணைப்புக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். கொழும்பில் பயிற்சி. ஏணி ஏறச் சொன்னார்கள், குழாயை இழுத்துக்கொண்டு ஓடச் சொன்னார்கள், சிங்களத்தில் நன்றாக ஏசினார்கள். உடம்பும் சிங்களமும் இரண்டும் தேறி ஊருக்கு வந்தேன். உண்மையில் படித்தது அதற்குப் பிறகு, சமரக்கோன் ஐயாவிடம்.

சமரக்கோன் ஐயா எங்கள் பிரிவின் பொறுப்பதிகாரி. தீயணைப்பு அதிகாரி என்றால் நீங்கள் நினைக்கிற உருவம் அவருக்குக் கிடையாது. ஒல்லியான மனிதர். வருஷம் முழுக்கத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு கையில் குடை, மறு கையில் கைக்குட்டை. எந்தக் கட்டடத்துக்குச் சோதனைக்குப் போனாலும் முதலாளி தேநீர் கொண்டுவரச் சொல்லும்போதே இவர் குறுக்கிட்டு, "முதலில் கக்கூசு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்" என்பார். ஆரம்பத்தில் அவருக்கு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தீபாவளி நேரம். தோட்டங்களிலிருந்து சனம் இறங்கி ஹட்டன் கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. ஒரு பெரிய புடவைக்கடைக்குப் போனோம். முதலாளி நல்ல மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. வாசல் அகலமாக இருக்கிறது, தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருக்கிறது, எல்லாம் சரி. சமரக்கோன் ஐயா வழக்கம்போல் கக்கூசைக் கேட்டார். முதலாளியின் முகம் மாறியது.

"இங்க இல்லைங்க ஐயா. பக்கத்து ஹோட்டல்ல சொல்லி வைக்கவா?"

சமரக்கோன் ஐயா மேல் மாடியைப் பார்த்தார். அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் எங்கே போகிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். நாங்கள் படியேறிப் போனோம். ஒருவர் பக்கவாட்டில்தான் ஏறலாம். மீதிப் படி முழுக்கச் சீலைப் பார்சல். மேலே போய்ப் பின்பக்கம் திரும்பினால் கக்கூசு இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெளியே போகும் கதவும் இருந்தது. கதவு முட்டக் கூரை வரை பண்டல்கள். மேலே இருக்கிற பிள்ளைகளுக்குக் கீழே தீப்பிடித்தால் போக்கிடமே இல்லை.

வெளியே வந்ததும் எனக்குச் சொன்னார்: "முதலாளி உனக்குக் காட்டுவது வாடிக்கையாளர் நடக்கிற வழியை. வேலைக்காரர்கள் நடக்கிற வழி கக்கூசுக்குத்தான் போகும். அந்த வழியாக நட." அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை நானும் கக்கூசைக் கேட்டேன். எனக்குப் பின்னால் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பது தெரியும். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடர் மதிப்பீட்டை அவர் மூன்று கேள்வியில் அடக்கிவிடுவார். எது எரியும்? யார் உள்ளே இருக்கிறார்கள்? எப்படி வெளியே வருவார்கள்? முதல் இரண்டுக்கும் முதலாளியே பதில் சொல்லிவிடுவார், மூன்றாவதற்கு மட்டும் யார் சொல்வதையும் கேட்காதே, நீயே நின்று பார் என்பார்.

இனி நான் சொல்லவந்த விஷயம். நானுஓயாவுக்கு அப்பால் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அதன் தொழிற்சாலைக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சான்றிதழைப் பார்க்காமல் வாங்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தோட்டத்து மேலாளர், தொரை என்பார்கள், இளம் வயதுக்காரர், என்னை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். புது சிலிண்டர்கள், சிவப்பு வாளிகள், மூன்று மொழியிலும் அம்புக்குறிகள். காசைப் பார்க்காமல் செய்திருந்தார்.

நான் கக்கூசுக்குப் போகும் வழியைக் கேட்டேன். அது சலிக்கும் அறை வழியாகப் போனது. காய்ந்த தேயிலையை இயந்திரத்தில் சலித்துத் தரம் பிரிக்கிற இடம் அது, வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தேயிலையிலிருந்து பறக்கிற பழுப்புப் பஞ்சு உத்தரத்திலும் குழாயிலும் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ஒரு பொறி விழுந்தால் அது அறை முழுக்கப் பாயும். அப்பாவின் தலைமயிரில் அந்தப் பஞ்சைப் பார்த்து வளர்ந்தவன் நான். எது எரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அறைக்கு இரண்டு கதவு. முன் கதவில் மேரி என்ற பெண் நிற்பாள். அவளுடைய வேலை, வெளியே போகிற ஒவ்வொரு பெண்ணையும் தடவிப் பார்த்து அனுப்புவது. தூளை மடியில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. பின் கதவில் ஆமைப்பூட்டு. சாவி டீமேக்கரிடம். தொழிற்சாலையின் தேயிலைக்கெல்லாம் பொறுப்பான உத்தியோகத்தர் அவர்.

ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போது, உள்ளிருந்து சட்டென்று திறக்க முடியாதபடி எந்தக் கதவையும் பூட்டக்கூடாது என்று தொழிற்சாலைச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னேன். தொரை மறுபேச்சுப் பேசவில்லை. பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் போட்டார். யாராவது சும்மா திறந்தால் தெரியவேண்டும் என்று அதில் ஒரு மெல்லிய கயிறு கட்டி அரக்கு முத்திரை வைக்கலாமா என்று கேட்டார். கதவைத் தள்ளினால் அறுந்துவிடும் என்பதால் சரி என்றேன். பஞ்சைத் துடைக்க ஆள் போட்டார்கள். சான்றிதழுக்கு ஒரு ஒத்திகை மட்டும்தான் மிச்சம்.

ஒத்திகையன்று நான் பின் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே டீமேக்கர் மணியை அடித்தார். இயந்திரச் சத்தம் அடங்கியது. கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு முன்பக்கமாகச் சுற்றி ஓடினேன்.

உள்ளே எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கையில் பிடித்தபடி, இரண்டு கையையும் பாதி உயர்த்திக்கொண்டு. முன்னால் மேரி ஒவ்வொருவராகத் தோளிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்த்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். அவசரமும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. வரிசையின் கடைசிப் பெண் பின் கதவுக்கு முதுகைக் காட்டி, அதில் சாய்கிற தூரத்தில் நின்றாள். பரமேஸ்வரி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏம்மா, மணி அடிச்சா ஓடணும்னு உங்களுக்குச் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்க சார். ஓடத்தான் நிக்கிறோம்."

டீமேக்கர் சிரித்துவிட்டார். தொரை என் பக்கத்தில் வந்து, பார்த்தீர்களா, என்ன ஒழுங்கு என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பெருமைப்பட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வரிசையில் பாதிப் பேர் தடவலுக்குக் காத்திருந்தே புகையில் விழுந்துவிடுவார்கள் என்று சொன்னேன். ஒருவருக்கும் புரிந்த மாதிரி இல்லை.

பின் கதவைக் காட்டி, மறுபடி மணி அடிக்கிறோம், பின்னால் நிற்கிறவர்கள் இந்த வழியாகப் போகவேண்டும் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மணி அடித்தது. பின்னால் நின்றவர்கள் கதவு வரை வந்து முத்திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு திரும்பிப் போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பியதும் பரமேஸ்வரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். டீமேக்கர் தள்ளிப் போனதும் சொன்னாள்.

"எங்கக்காவும் இங்கதான் சார் வேலை செஞ்சுச்சு. ஒரு நாளு மெசின்ல பெல்ட்டு கருகிப் பொகை வந்துச்சு. இது பயந்துபோயி மேல கொழுந்து வாட்டுற மாடிப் படியில ஏறி அந்தப் பக்கமா வெளிய ஓடிருச்சு. செக் பண்ணாமப் போயிருச்சில்ல. அன்னைக்குன்னு பாத்துப் பின்னால தண்ணி ஓடுற காண்ல ஒரு பொட்டலம் தூளு கெடந்துச்சு. அவ்வளவுதான்."

"விசாரிக்கலையா?"

"விசாரிச்சாங்க. அக்கா எடுக்கலைன்னு தெரிஞ்சு வேலையும் குடுத்தாங்க. பேரு போயிருச்சே சார். அக்கா மகளுக்கு வந்த சம்பந்தம் அப்புடியே நின்னு போச்சு. திருடி மகள்னு லயத்துல ஒரு சின்னப் புள்ள கூடச் சொல்லுச்சு." என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "நெருப்புல செத்தா நானு மட்டுந்தான் சாவேன். திருடின்னு பேரு வந்தா எம்புள்ளைங்களுக்கும் சேத்து வரும். நாங்க செக் பண்ணாம வெளிய போக மாட்டோம் சார்."

அவளைத் தப்பு சொல்ல என்னால் முடியவில்லை. என் அம்மா அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள் என்று தோன்றியது, அது என்னை இன்னும் வருத்தியது.

காரியாலயத்துக்கு வந்து சமரக்கோன் ஐயாவிடம் சொன்னேன். அவர் அப்போது ஓய்வுக்கு நெருங்கியிருந்தார். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"சட்டம் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறது. திறந்துவிட்டார்கள். நீ என்ன எழுதப் போகிறாய்? இந்தப் பெண்களுக்கு மானம் அதிகம், அதனால் சான்றிதழ் கிடையாது என்றா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"மணி அடித்தபோது வெளியே வந்தார்களா?"

"வரவில்லை."

"பிறகு என்னிடம் எதற்கு வந்தாய்?" என்று சொல்லிவிட்டு, சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது என்ற கடிதத்தில் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு, "தோட்டத்து ஆட்கள் உன்னைத்தான் ஏசுவார்கள். தொரையை ஏசமாட்டார்கள். அதற்குத் தயாராக இரு" என்றார்.

அப்படியே நடந்தது. சான்றிதழ் இல்லாததால், தேயிலை வாங்குகிறவர்கள் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். சலிக்கும் அறையில் வேலை குறைந்தது. பெண்களுக்குப் பேர் கொடுப்பது, அதாவது நாள் கூலி பதிவது, குறைந்தது. ஒரு காலை நேரம் தோட்டத் தலைவர் மருதமுத்து, பரமேஸ்வரியையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு காரியாலயத்துக்கே வந்துவிட்டார். தொழிற்சங்கத்தின் சார்பில் தோட்டத்து ஆட்களுக்காகப் பேசுகிறவர் அவர். குரலும் அதற்கேற்ற குரல்.

"நம்ம ஆளுன்னு நெனச்சோம் சார். நீங்களே நம்ம வயித்துல அடிச்சா நாங்க யாருகிட்டப் போறது?"

எனக்கு அது சுட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நானும் எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். மேரி செய்கிற சோதனை அந்த அறைக்குள் நடக்கக்கூடாது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கிறது, தினமும் அங்கேதான் நடக்கவேண்டும். மணி அடித்தால் அதுவும் கிடையாது. மணிச் சத்தத்துக்கு எந்தக் கதவு வழியாக யார் வெளியே போனாலும் கேள்வி இல்லை என்று தொரை தன் வாயால் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். அது நடக்கும்வரை என் கையெழுத்து கிடைக்காது.

மருதமுத்து கொஞ்சம் இறங்கினார். "அதை நாங்க கேட்டா, திருடுறதுக்கு வழி கேக்குறானுங்கன்னு சொல்லுவாங்க சார்."

"நீங்க கேக்க வேணாம் தலைவரே. நான் கேக்குறேன். என்னைத் திருடன்னு சொல்லட்டும்."

போகும்போது பரமேஸ்வரி திரும்பிப் பார்த்து, "தொரை ஒத்துக்க மாட்டாரு சார்" என்றாள்.

தொரை ஒத்துக்கொள்ளத்தான் இல்லை. பின் கதவு வழியாக மூட்டை மூட்டையாகப் போகும், கம்பெனிக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். அவருடைய பயமும் பொய்யில்லை. தூள் குறைந்தால் அவருடைய வேலைக்கும் ஆபத்து. நான் சட்டத்தைச் சொன்னேன், அவர் நிர்வாகத்தைச் சொன்னார். இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு வந்தேன். எங்களுக்குத் தொழிற்சாலையை மூடுகிற அதிகாரம் இல்லை. சான்றிதழை நிறுத்தலாம், தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம், திரும்பத் திரும்பப் போய் நிற்கலாம். மூன்றாவதாகச் சொன்ன அதிகாரத்தை நான் தாராளமாகப் பயன்படுத்தினேன்.

மூன்றாம் முறை அவரைச் சலிக்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். வேலை விடுகிற நேரம், பெண்கள் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். பரமேஸ்வரி நின்ற கடைசி இடத்தில் அவரை நிற்கச் சொன்னேன்.

"சார், இந்த அறையில் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்."

சிரித்துக்கொண்டுதான் மூச்சை இழுத்தார். இளம் உடம்பு, கிரிக்கெட் விளையாடுகிறவர். மேரி வழக்கம்போல ஒவ்வொருவராகத் தடவி அனுப்பினாள். தொரையின் முகம் சிவந்தது, பிறகு கழுத்து நரம்பு புடைத்தது. பட்டென்று மூச்சை விட்டார். அவருக்கு முன்னால் வரிசை இன்னும் நீளமாக இருந்தது. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து ஜீப்பில் சாய்ந்தபடி, "பெரட்டுக்கு வாருங்கள்" என்றார்.

பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்கள் கூடுகிற இடம். பனியில் எல்லாரும் போர்த்திக்கொண்டு நின்றார்கள். தொரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மணி அடிச்சா செக்கிங் இல்ல. எந்தக் கதவுல போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க. பொறகு தூள் கொறைஞ்சா அது என் பொறுப்பு. உங்க மேல வராது."

பின்னாலிருந்து பரமேஸ்வரியின் குரல் வந்தது.

"தொரை மாறிப் போயிட்டா?"

எனக்கே அது தோன்றவில்லை. தொரைமார் ஒரே தோட்டத்தில் நிலைத்திருப்பதில்லை என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கேயே நின்று, அதைச் சான்றிதழின் நிபந்தனையாக எழுதுகிறேன், சுவரிலும் எழுதவேண்டும், எழுத்து அழிந்தால் சான்றிதழும் போய்விடும் என்றேன். அப்படி எழுத எனக்கு உரிமை உண்டா என்று எனக்குத் தெரியாது. சமரக்கோன் ஐயாவிடம் போய்ச் சொன்னபோது அவர் நெடுநேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "சட்டத்தில் இப்படி ஒன்று இல்லை" என்றார். பிறகு, "கூடாது என்றும் இல்லை" என்று சொல்லி எழுதவிட்டார்.

பின் கதவுக்குப் பக்கத்தில் கோயில் சுவருக்கு எழுதுகிற ஆளையே கூப்பிட்டு எழுதவைத்தோம். 'மணி அடித்தால் சோதனை இல்லை. வரிசையில் நிற்காதீர்கள். வெளியே போனவர்களை யாரும் கேள்வி கேட்கக்கூடாது.' கீழே தொரையின் பதவியும் எங்கள் பிரிவின் பெயரும்.

எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். குறுகிய காலத்துக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்தேன், ஒத்திகை சரியாக வந்தால்தான் நீட்டிப்பேன் என்று. மணி அடித்தால் முதலில் பின் கதவைத் தள்ளித் திறக்கவேண்டியது மேரி என்று வைத்தேன்.

"எனக்கு வேலை போயிருமா சார்?" என்று மேரி கேட்டாள்.

"மத்த நேரம் நீங்க மடுவத்துல செக் பண்ணுங்க. மணி அடிச்சா கதவைத் திறந்து சத்தம் போடுங்க. அதுவும் உங்க வேலைதான்."

முதல் ஒத்திகையில் மேரி திறந்துவிட்டுக் கத்தினாள், பெண்கள் வாசற்படி வரை ஓடிவந்து அங்கே நின்றார்கள். அடுத்ததில் வெளியே வந்தார்கள், ஆனால் வந்தவுடன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்கள். அதற்கடுத்ததில் ஒருத்தி மேரியிடமே திரும்பி வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் விடவில்லை. லீவு நாளிலும் பஸ் பிடித்துப் போனேன். மழையில் வைத்தேன், தூள் குவிந்து கிடக்கிற நேரத்தில் வைத்தேன், சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் வைத்தேன். "ஃபயர் சாருக்கு வீட்டுல வேலை இல்லை போல" என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம். வீட்டில் என் மனைவியும் அதையேதான் சொன்னாள். ஒரு நாள் மணி அடித்ததும் அறை மொத்தமும் காலி, கையில் எடுத்த தூளைக் கூட அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் மடுவத்தில் போய் நின்றார்கள். அன்றைக்குத்தான் முழுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

சமரக்கோன் ஐயா ஓய்வில் போனார். அந்தத் தொரையும் மாறிப் போனார். புதுத் தொரை வந்து அதிக காலம் ஆகவில்லை. மழையில்லாத மாசி மாதம், மத்தியானம். அந்தத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. வண்டியில் ஏறினேன். நானுஓயா வளைவுகளில் மரம் ஏற்றிய ஒரு லொறி வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையையும் இரண்டு மொழியிலும் சொல்லித் தீர்த்தேன்.

காயவைக்கும் அடுப்பிலிருந்து போகிற குழாய்க்கு மேலே, துடைக்கிறவர் கைக்கு எட்டாத இடத்தில் படிந்த பஞ்சில் தீப்பிடித்திருக்கிறது. எரிந்த குழாய் அறுந்து சலிக்கும் அறைக்குள் விழுந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரைத் தகடுகள் வெடித்துக்கொண்டிருந்தன. குழாய் விழுந்து கிடந்தது முன் கதவுக்கு உள்ளே, அவர்கள் முன்பு வரிசையில் நின்ற அதே இடத்தில். பின் கதவு அகலத் திறந்திருந்தது.

எங்கள் ஆட்களிடம் தண்ணீர்க் குழாயை விரிக்கச் சொல்லிவிட்டு மடுவத்துக்கு ஓடினேன். மருதமுத்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "எல்லாரும் இருக்காங்க சார்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் புதுத் தொரை பங்களாவிலிருந்து ஓடிவந்தார். பாவம், அவருக்கும் புத்தி கலங்கியிருந்தது. பெண்களின் துணியெல்லாம் தூள். அதைப் பார்த்துவிட்டு மேரியிடம், "செக்கிங் பண்ணியாச்சா?" என்று கேட்டார்.

மேரி எழுந்து நின்றாள். "மணி அடிச்சா செக்கிங் இல்ல தொரை. செவுத்துல எழுதியிருக்கு."

அவர் சுவர் இருந்த பக்கம் திரும்பினார். அங்கே நெருப்புதான் தெரிந்தது. பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெண்களுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

தீ அடங்கிய பிறகு பரமேஸ்வரியைத் தேடினேன். மடுவத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையிலும் புருவத்திலும் பழுப்புப் பஞ்சு, சீலை மடிப்பு முழுக்கத் தூள். உதறிவிடக்கூட இல்லை. தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"பயந்துட்டீங்களாம்மா?"

"பயந்துட்டேன் சார்" என்றாள். போத்தலை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் புகைந்துகொண்டிருந்த கூரையைப் பார்த்தாள். "நெருப்புக்குத்தான் சார் பயந்தேன். வேற எதுக்கும் பயப்படல."